வார்த்தைக் கணக்கிலிருந்து சமன்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

3க + 7 = 22 என்று கரும்பலகையில் எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலரும் மறுநிமிடமே 5 என்று சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் ‘ஆட்டோவுக்கு 85 ரூபாய் ஆனது, எவ்வளவு தூரம் போயிருப்போம்?’ என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. சமன்பாட்டைத் தீர்க்க அவர்களுக்குத் தெரியும். எதைத் தீர்ப்பது என்று எழுதத்தான் தெரியவில்லை. மாணவர்களும் பெற்றோரும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று வரும் இடங்களில் இங்கே தமிழ் எழுத்துகளைப் போட்டிருக்கிறேன். இது புது வழக்கம் இல்லை. 12ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கராசாரியர், தெரியாத முதல் எண்ணை ‘யாவத் தாவத்’ என்று சொல்லி ‘யா’ என்று சுருக்கினார். இன்னும் இரண்டு எண்கள் வேண்டியபோது கருப்பு, நீலம் ஆகிய நிறங்களின் பெயரிலிருந்து ‘கா’, ‘நீ’ என்று எடுத்துக்கொண்டார். எந்த எழுத்தானாலும் அது இன்னும் தெரியாத ஓர் எண்ணைக் குறிக்கிறது, அவ்வளவுதான்.

சமன்பாடு எங்கிருந்து வருகிறது? எதை எதற்குச் சமமாக வைப்பது?

ஒரே அளவு கணக்கில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருக்கும். அந்த அளவைக் கண்டுபிடித்து, முதல் விதத்தை இடப்பக்கமும் இரண்டாவது விதத்தை வலப்பக்கமும் எழுதினால் அதுதான் சமன்பாடு. இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்கராசாரியரின் லீலாவதி என்ற கணித நூலில் (1150) ஒரு வண்டுக் கணக்கு இருக்கிறது. ஒரு வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பப் பூவுக்குப் போனது. மூன்றில் ஒரு பங்கு சிலிந்திரப் பூவுக்குப் போனது. இந்த இரண்டு பங்குகளின் வித்தியாசத்தைப் போல் மூன்று மடங்கு குடசப் பூவுக்குப் போனது. மிஞ்சிய ஒரே ஒரு வண்டு, தாழம்பூ வாசமும் மல்லிகை வாசமும் இரண்டு பக்கமும் இழுக்க, நடுவானில் அலைந்துகொண்டிருந்தது. மொத்தம் எத்தனை வண்டுகள்?

இதில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்ட அளவு எது? முழுக்கூட்டம். அதை ‘வ’ என்று வைத்தால் அது ஒரு விதம். பூப்பூவாகப் பிரிந்துபோனவற்றையும் தனி வண்டையும் கூட்டினால் அதே கூட்டம். அது இன்னொரு விதம்.

வ/5 + வ/3 + 3(வ/3 − வ/5) + 1 = வ

15ஆல் பெருக்கினால் 3வ + 5வ + 6வ + 15 = 15வ. எனவே வ = 15. சரிபார்க்க: கடம்பத்துக்கு 3, சிலிந்திரத்துக்கு 5, குடசத்துக்கு 6, தனியாக 1. மொத்தம் 15.

கணக்கில் ‘சமம்’ என்ற சொல்லே இல்லை என்பதைப் பாருங்கள். கூட்டம் பிரிந்தாலும் வண்டுகளின் எண்ணிக்கை மாறாது என்ற பொது அறிவுதான் அங்கே சமக்குறியாக நிற்கிறது. பெரும்பாலான வார்த்தைக் கணக்குகளில் சமக்குறி இப்படித்தான் வாய்விட்டுச் சொல்லப்படாமல் இருக்கும்.

கணக்கைப் படித்ததும் முதலில் எதை எழுதுவது?

‘என்க’ என்று முடியும் வரியை. ‘மகளின் இன்றைய வயது ம ஆண்டுகள் என்க.’ இந்த வரியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: யாருடைய எந்த அளவு, எந்த நேரத்து அளவு, எந்த அலகில். ‘மகள் = ம’ என்று எழுதுவது போதாது. மகள் ஓர் ஆள். அவளுக்கு வயதும் உண்டு, உயரமும் உண்டு. எழுத்து குறிப்பது எண்ணை. இந்த ஒரு வரியைச் சோம்பலில் விட்டுவிட்டுப் பாதிக் கணக்கில் ‘ம என்றால் அம்மாவா மகளா?’ என்று தடுமாறும் பிள்ளைகளை எல்லா வகுப்பிலும் பார்க்கலாம்.

மடங்கு வரும்போதெல்லாம் எதை எந்தப் பக்கம் பெருக்குவது என்று குழம்புகிறது. ஏன்?

பெரியவர்களும் குழம்பும் இடம் இது. ‘இந்தக் கல்லூரியில் ஆசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்’ என்ற வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதச் சொல்லி 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளமென்ட் முதலிய ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பொறியியல் முதலாண்டு மாணவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவறாக எழுதினார்கள். அதிகம் வந்த தவறு, நம் எழுத்தில் சொன்னால், 6மா = ஆ.

மனத்தில் ஓடுவது என்னவென்றால் ‘ஆறு மாணவருக்கு ஓர் ஆசிரியர்’ என்ற படம். அந்தப் படம் சரியானதுதான். ஆனால் ‘6மா’ என்று எழுதினால் ‘ஆறு மாணவர்’ என்று பொருள் வராது. ‘மாணவர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கியது’ என்றுதான் வரும். ஏற்கெனவே பெரிய எண்ணை இன்னும் ஆறு மடங்கு பெரிதாக்கிச் சிறிய எண்ணுக்குச் சமம் என்றால் எப்படிப் பொருந்தும்?

எழுதியதும் ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆசிரியர் 10 என்றால் மாணவர் 60. 6 × 60 = 10 வருமா? வராது. 60 = 6 × 10 வருகிறது. ஆக மா = 6ஆ. சிறியதைப் பெருக்கினால்தான் பெரியதை எட்டும். பத்து நொடியில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல் மடங்குக் கணக்கை விட்டு நகர வேண்டாம்.

‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அது போதாதா?

போதாது என்பது மட்டுமில்லை, கெடுதலும் செய்கிறது. ‘ரவியிடம் 45 ரூபாய் இருக்கிறது. இது கலாவிடம் இருப்பதைவிட 10 ரூபாய் அதிகம். கலாவிடம் எவ்வளவு?’ ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டினால் 55. உண்மையில் க + 10 = 45; கலாவிடம் 35. சொல்லை வேட்டையாடப் பழகிய பிள்ளை வாக்கியத்தைப் படிப்பதையே நிறுத்திவிடுகிறது.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பிரபலமான எடுத்துக்காட்டு உண்டு. 1980ஐ ஒட்டி பிரான்சின் கிரெனோபிள் நகரில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டார்கள்: ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன?’ பெரும்பாலான பிள்ளைகள் தயங்காமல் இருந்த எண்களை வைத்து ஒரு விடையை எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. கணக்கு என்றால் எண்களைப் பொறுக்கி ஏதாவது செய்வது என்று யாரோ அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

தமிழ் வாக்கியத்தில் எது முன்னால் வருகிறதோ அதையே முன்னால் எழுதலாமா?

கூடாது. தமிழில் சொற்களின் இடம் மாறலாம், வேற்றுமை உருபுதான் பொருளைச் சொல்லும். ‘ஓர் எண்ணிலிருந்து 7ஐக் கழிக்க’ என்றாலும் ‘7ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க’ என்றாலும் க − 7 தான். ‘7இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க’ என்றால் 7 − க. ‘இலிருந்து’ ஒட்டிய எண் முன்னால், ‘ஐ’ ஒட்டிய எண் பின்னால். வகுத்தலில் ‘ஐ’ ஒட்டியது மேலே, ‘ஆல்’ ஒட்டியது கீழே: ‘ஓர் எண்ணை 4ஆல் வகுக்க’ க/4, ‘4ஐ ஓர் எண்ணால் வகுக்க’ 4/க.

அடைப்புக்குறி எங்கே போடுவது என்பதையும் வாக்கியமே சொல்லிவிடும். ‘ஓர் எண்ணின் மும்மடங்குடன் 5ஐக் கூட்ட’ என்றால் 3க + 5. ‘ஓர் எண்ணுடன் 5ஐக் கூட்டி, கிடைப்பதை மூன்றால் பெருக்க’ என்றால் 3(க + 5). ‘கிடைப்பதை’ என்ற சொல் வந்தால் அதுவரை செய்தது முழுவதையும் அடைப்புக்குள் போட்டுவிடுங்கள். சில கணக்குகளில் அந்தச் சொல் இல்லாமலே அடைப்பு வரும்: ‘ஓர் எண், 5 ஆகியவற்றின் கூடுதலின் மும்மடங்கு.’ இங்கே மும்மடங்காவது எண் அல்ல, கூடுதல். ‘இன்’ எதில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று: ‘ஓர் எண்ணைவிட 7 குறைவு’ என்பது க − 7. ‘ஓர் எண் 7ஐவிடக் குறைவு’ என்பது க < 7. அதில் சமன்பாடே இல்லை, சமனிலிதான் இருக்கிறது.

‘கூடுதல்’ என்ற சொல் ஒரே கணக்கில் இரண்டு தடவை வந்து குழப்புகிறது.

ஆமாம், நம் பாடநூல் வழக்கில் இருக்கும் உண்மையான சிக்கல் இது. ‘இரு எண்களின் கூடுதல் 30. ஒன்று மற்றொன்றைவிட 6 கூடுதல்.’ முதல் இடத்தில் கூட்டிவரும் தொகை. இரண்டாவது இடத்தில் பேச்சில் சொல்கிற ‘அதிகம்’. ‘இன் கூடுதல்’ என்றால் தொகை, ‘விடக் கூடுதல்’ என்றால் அதிகம். சிறிய எண் ச என்க. ச + (ச + 6) = 30, ச = 12. எண்கள் 12, 18.

‘இரண்டு மடங்கு அதிகம்’ என்றால் இரண்டு மடங்கா, மூன்று மடங்கா?

கறாராகப் பார்த்தால் ஏற்கெனவே இருப்பதன்மேல் இன்னும் இரண்டு மடங்கு, அதாவது மூன்று மடங்கு என்று வாதிடலாம். நடைமுறையில் எழுதுகிறவர்கள் இரண்டு மடங்கைத்தான் நினைக்கிறார்கள். தேர்வில் வந்தால் இரண்டு மடங்கு என்றே எடுங்கள். கணக்கு எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘அதைப் போல் இரண்டு மடங்கு’ என்று எழுதினால் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

விடையை ஊகித்துப் போட்டுப் பார்ப்பது தப்பா? டீச்சர் திட்டுகிறார்.

தப்பில்லை. சமன்பாடு எழுத வராத பிள்ளைக்கு ஊகம்தான் மிகச் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. ஊகத்தைச் சும்மா மனத்தில் போட்டுப் பார்க்காமல், செய்வதை முழுக்க எழுதிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

ஒரு பூக்கார அம்மாவிடம் 50 முழம் மல்லிகை இருந்தது. முழம் 30 ரூபாய்க்கு விற்றார். இரவு எட்டு மணிக்குமேல் மீதியை முழம் 20 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். கையில் வந்தது 1,340 ரூபாய். 30 ரூபாய்க்கு எத்தனை முழம் விற்றார்?

25 முழம் என்று ஊகியுங்கள். பெருக்கி முடித்துவிடாமல், செய்யப்போவதை அப்படியே எழுதுங்கள்:

30 × 25 + 20 × (50 − 25)

இது 1,250. 1,340 வரவில்லை. 40 என்று ஊகித்தால்:

30 × 40 + 20 × (50 − 40)

இது 1,400. தாண்டிவிட்டது. இப்போது இரண்டு வரிகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 30, 20, 50 மூன்றும் மாறவில்லை. 25 இருந்த இரண்டு இடங்களிலும் 40 வந்திருக்கிறது. மாறுகிற அந்த இடத்தில் எழுத்தை வையுங்கள், வர வேண்டிய தொகையைச் சமக்குறிக்கு அந்தப் பக்கம் எழுதுங்கள்:

30மு + 20(50 − மு) = 1,340

சமன்பாடு வந்துவிட்டது. 10மு + 1,000 = 1,340; மு = 34. முப்பது ரூபாய்க்கு 34 முழம், இருபது ரூபாய்க்கு 16 முழம். 1,020 + 320 = 1,340.

மாறி, மாறிலி என்ற சொற்களுக்கு வரையறை மனப்பாடம் செய்வதைவிட இந்த இரண்டு வரிகளை உற்றுப் பார்ப்பது அதிகம் புரியவைக்கும். ‘மீதி முழம்’ என்பதற்குத் தனி எழுத்து வேண்டாம், 50 − மு என்றாலே போதும் என்பதும் ஊகத்திலேயே தானாக வந்துவிட்டது.

ஊகத்துக்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. கி.மு. 1550ஐ ஒட்டி எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில் ‘ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19’ என்று ஒரு கணக்கு. ஏழில் ஒரு பங்கு முழு எண்ணாக வரட்டும் என்று விடையை 7 என்று ஊகிக்கிறார்கள். 7 + 1 = 8. வேண்டியது 19. எட்டை 19 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ, அத்தனை மடங்கு ஏழையும் பெருக்குகிறார்கள். விடை 16 5/8. எழுத்துகளே இல்லாத காலத்து இயற்கணிதம் இது.

வயதுக் கணக்கில் எப்போதும் தப்பாகிறது. எங்கே கவனிக்க வேண்டும்?

காலம் நகரும்போது எல்லோருக்கும் வயது ஏறும் என்பதில். ‘அம்மாவின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்குப் பிறகு 3 மடங்கு.’ மகளின் இன்றைய வயது ம என்க. இரண்டு பேரையும் இரண்டு வரியில் எழுதுங்கள்:

இன்று: மகள் ம, அம்மா 4ம
5 ஆண்டுக்குப் பின்: மகள் ம + 5, அம்மா 4ம + 5

‘3 மடங்கு’ எந்த வரியைப் பற்றியது? இரண்டாவது வரி. எனவே 4ம + 5 = 3(ம + 5). ம = 10, அம்மாவுக்கு 40. அதிகம் வரும் தவறு 4ம + 5 = 3ம என்று எழுதுவது; அம்மாவுக்கு மட்டும் வயதாகிறது, மகள் அப்படியே நிற்கிறாள். ‘5 ஆண்டுகளுக்கு முன்’ என்று வரும் கணக்கில் 4ம − 5க்கும் 4(ம − 5)க்கும் இடையே குழம்பாமல் இருக்கவும் இந்த இரண்டு வரிகள் உதவும்.

மேலே சொன்ன ஆட்டோ கணக்கை எப்படிப் போடுவது?

2013இல் சென்னைக்குத் தமிழக அரசு அறிவித்த மீட்டர் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். மொத்தத் தூரம் தூ கிலோமீட்டர் என்க. 12 ரூபாய் எந்தத் தூரத்துக்கு? முழுத் தூரத்துக்கு இல்லை, 1.8 போக மிச்சத்துக்கு. காத்திருப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால்:

25 + 12(தூ − 1.8) = 85

12(தூ − 1.8) = 60, தூ − 1.8 = 5, தூ = 6.8 கிலோமீட்டர்.

25 + 12தூ = 85 என்று எழுதியவருக்கு விடை 5 வரும். அது தவறான எண் இல்லை, 1.8ஐத் தாண்டிப் போன தூரம் அது. கேட்டது அதுவல்ல. தீர்த்து முடித்ததும் ‘நான் கண்டுபிடித்தது கேட்டதைத்தானா?’ என்று கேள்வியைத் திரும்ப ஒரு தடவை படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு சமன்பாடு எங்கெல்லாம் செல்லும் என்பதும் இந்தக் கணக்கில் தெரிகிறது. ஒரு கிலோமீட்டர் மட்டும் போனால், சமக்குறிக்கு இடப்பக்கம் இருக்கும் கோவை 25 + 12(−0.8) = 15.40 என்று சொல்லும். ஓட்டுநர் வாங்குவதோ 25. தூரம் 1.8ஐ எட்டிய பிறகுதான் இந்தக் கோவை பொருந்தும். அதே அறிவிப்பில் இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்குக் கட்டணம். அப்போது 1.5 எதைப் பெருக்கும்? முழுவதையும்: 1.5[25 + 12(தூ − 1.8)]. பகலில் 85 ஆகும் அதே பயணம் இரவில் 127.50.

சதவீதத்தில் ‘திரும்பப் போகும்’ கணக்குகள் ஏன் இடறுகின்றன?

சதவீதம் எதன்மேல் என்று கேட்காததால். 18% ஜி.எஸ்.டி. சேர்த்து பில் 590 ரூபாய். வரிக்கு முன் விலை என்ன? 590இல் 18% கழித்தால் 483.80 வரும், அது தவறு. வரி போட்டது 590மேல் இல்லை, தெரியாத அந்த விலைமேல். வி + 0.18வி = 590, அதாவது 1.18வி = 590, வி = 500. தள்ளுபடியும் இப்படியே: 20% தள்ளுபடிக்குப் பின் 960 என்றால் 0.8வி = 960, வி = 1,200.

ஒரு மாறி போதுமா, இரண்டு வேண்டுமா?

உங்களுக்கு எது எளிதோ அது. தெரியாத எண்கள் எத்தனையோ அத்தனை தனித்தனிச் செய்திகள் கணக்கில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கோழியும் ஆடும் சேர்ந்து 20 தலைகள், 56 கால்கள்: கோ + ஆ = 20; 2கோ + 4ஆ = 56. ஆடு 8, கோழி 12. சீனத்தின் பழைய கணித நூல் ஒன்றில் இதே கணக்கு முயலும் காட்டுக்கோழியுமாக, 35 தலை, 94 கால் என்று இருக்கிறது. போட்டுப் பாருங்கள், முயல் 12, கோழி 23 வரும். ஒரே மாறியில் போடுவதென்றால் ஆடு ஆ, கோழி 20 − ஆ. ஒன்பது, பத்தாம் வகுப்பில் ஒருங்கமை சமன்பாடுகள் வந்தபின் இரண்டு எழுத்து எழுதுவதே தெளிவு.

இரண்டிலக்க எண் கணக்கில் 10 எங்கிருந்து வருகிறது?

இடமதிப்பிலிருந்து. 36 என்பது 3உம் 6உம் பக்கத்தில் நிற்பது இல்லை, 10 × 3 + 6. ‘இலக்கங்களின் கூடுதல் 9, இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 அதிகமாகும்’ என்றால், பத்தாமிட இலக்கம் ப, ஒன்றாமிட இலக்கம் ஒ என்க. ப + ஒ = 9; 10ஒ + ப = 10ப + ஒ + 27. இரண்டாவதைச் சுருக்கினால் ஒ − ப = 3. எண் 36, மாற்றினால் 63.

வேகம், வேலை, குழாய்க் கணக்குகள்?

இவை எல்லாம் ஒரே குடும்பம்: ஒரு மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி, மொத்தம் எவ்வளவு. போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 கி.மீ.; போக ஒரு மணி நேரம் அதிகம் ஆனது. இரண்டு விதமாகச் சொல்லப்பட்டது போன நேரம். தூ/40 = தூ/60 + 1. தூரம் 120 கி.மீ. வேலைக் கணக்கில் நாட்களைக் கூட்டாதீர்கள், ஒரு நாள் வேலையைக் கூட்டுங்கள். 6 நாளில் முடிப்பவரும் 12 நாளில் முடிப்பவரும் சேர்ந்தால் 1/6 + 1/12 = 1/4; நான்கு நாள்.

விடை குறை எண்ணாகவோ பின்னமாகவோ வந்தால் தப்பு என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. கதையிடம் கேளுங்கள். 52 இருக்கைகள் உள்ள பேருந்தில் 130 பேர் போக 2.5 பேருந்து என்று வந்தால் 3 பேருந்து வேண்டும். செவ்வக நிலத்தின் நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம், பரப்பு 84 சதுர மீட்டர் என்றால் அ(அ + 5) = 84; விடைகள் 7, −12. அகலம் குறை எண்ணாக இருக்காது, எனவே 7 மட்டும்.

ஆனால் இதைப் பாருங்கள். அப்பாவுக்கு 45, மகனுக்கு 20. எத்தனை ஆண்டுகளில் அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்காகும்? 45 + ஆ = 3(20 + ஆ) என்று எழுதினால் ஆ = −7.5. இதைத் தூக்கிப் போட வேண்டாம். ஏழரை ஆண்டுகளுக்கு முன்பே ஆகிவிட்டது என்று சமன்பாடு சொல்கிறது: அப்போது அப்பாவுக்கு 37.5, மகனுக்கு 12.5. கேள்வி கேட்டவர் எதிர்காலம் என்று நினைத்தார். சமன்பாடு அவரைத் திருத்துகிறது. இயற்கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

சமக்குறியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே போகலாமா?

12 + 5 = 17 × 2 = 34 என்று எழுதாதீர்கள். 12 + 5 என்பது 34 ஆகாது. ‘அடுத்து செய்தது’ என்ற பொருளில் சமக்குறியைப் போடும் பழக்கம் தொடக்கப் பள்ளியிலேயே ஒட்டிக்கொள்கிறது. அது இருக்கும்வரை சமன்பாடு விளங்காது. ஒரு வரிக்கு ஒரு சமக்குறி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கணக்கு வராது. பிள்ளைக்கு எப்படி உதவுவது?

உங்களால் முடியும். கணக்கில் உள்ள எண்களைக் கையால் மறைத்துக்கொண்டு, ‘என்ன நடந்தது, சொல்லு’ என்று கேளுங்கள். ‘ஒரு அம்மா பூ வித்தாங்க, கொஞ்சம் ஒரு விலைக்கு, மிச்சம் குறைஞ்ச விலைக்கு’ என்று எண்ணே இல்லாமல் பிள்ளை கதையைச் சொல்லிவிட்டால் பாதி முடிந்தது. அடுத்து, ‘எது தெரியாது? எது இரண்டு விதமா சொல்லியிருக்கு?’ என்று கேளுங்கள். விடையைச் சொல்ல வேண்டாம். பிள்ளை விடையோடு வந்தால், அதைக் கதைக்குள் போட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், சமன்பாடே தவறாக இருக்கும்போது பிழை பிடிபடாது.

இலங்கைப் பாடநூலில் சொற்கள் வேறாக இருக்கின்றனவே?

தமிழ்நாட்டில் இயற்கணிதம் என்பது அங்கே அட்சரகணிதம். வேலை ஒன்றுதான்.

பயிற்சிக்கு எதைச் செய்யலாம்?

தலைகீழாகச் செய்து பாருங்கள். 3க + 20 = 140 என்று எழுதிவிட்டு, அதற்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். ‘மூன்று நோட்டும் 20 ரூபாய்ப் பேனாவும் சேர்ந்து 140’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, அடுத்த முறை கதையிலிருந்து சமன்பாட்டுக்கும் வந்துவிடும். கைக்கு மூன்று கணக்குகள்:

அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களின் கூடுதல் 57. எண்கள் எவை?

இட்லிக்கு அரிசியும் உளுந்தும் 4:1 விகிதத்தில், இரண்டும் சேர்ந்து 3 கிலோ. தனித்தனியே எவ்வளவு?

நகைக் கடையில் 8% சேதாரம் சேர்த்து 17.28 கிராமுக்குப் பணம் வாங்கினார்கள். நகையின் எடை என்ன?

விடைகள்: 17, 19, 21. அரிசி 2 கிலோ 400 கிராம், உளுந்து 600 கிராம். நகை 16 கிராம், அதாவது 2 பவுன். மூன்றாவதற்கு 15.9 கிராம் அளவில் விடை வந்தவர்கள், சேதாரத்தை நகையின் எடைமேல் கணக்கிடாமல் 17.28மேல் கணக்கிட்டுக் கழித்திருக்கிறார்கள், ஜி.எஸ்.டி. கேள்வியை இன்னொரு தடவை பாருங்கள்.